நாலாவது கேள்வி

மணி ஒன்பதரை அடித்ததும் இஞ்ஞாசிமுத்து வினாத்தாள்களைக் கொடுக்கத் தொடங்கினார். பதினோரு பையன்கள். பத்துப் பேருக்குத் தாளை மேசைமேல் வைத்தார், ஜன்னலோரம் மூன்றாவது மேசையில் இருந்தவனுக்கு மட்டும் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பிரிட்டோ பார்த்தான், சிரிக்கக்கூடச் செய்தான். சிரிடே, நல்லாச் சிரி, பன்னிரண்டரை வரைக்கும் சிரிக்கலாம், யார் தடுத்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. சட்டைப்பையில் இரண்டு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெஞ்சில் உறுத்தின. பின்னால் இருந்தது பழுப்பு உறை, அது அவர் எழுதியது. இந்த இளங்குருமடத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் வருஷக் கடைசியில் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் நாலு வரி எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு அதிபர் சாமியிடம் தர வேண்டும். சாமியாராகப் போகிறவன் யார், பெட்டியைக் கட்டப் போகிறவன் யார் என்பது அந்த நாலு வரியில் இருக்கிறது. பத்துப் பேருக்கு நேற்றே கொடுத்தாயிற்று, எல்லாரையும் பற்றி நல்லபடியாகத்தான். பதினோராவது இது. 'இவனுக்கு தேவ அழைத்தல் இல்லை. கர்வம் உண்டு, உண்மை பேசுவதில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவது திருச்சபைக்கு நல்லது.' எழுதி முடித்ததும் அவருக்குப் பசித்தது, அத்தனை திருப்தி. முன்னால் இருந்தது வெள்ளை உறை. அது காலையில் வாசலிலேயே பிரிட்டோ நீட்டியது. "நேத்து ஊருக்குப் போயிருந்தேன் சார். மாமா இத உங்க கையிலயே குடுக்கச் சொன்னாவ." பையனின் மாமா மான்சிஞ்ஞோர் தஸ்நேவிஸ், மறைமாவட்டத்தில் ஆயருக்கு அடுத்த இடத்தில் இருக்கிற பெரிய மனுஷர். இஞ்ஞாசிக்கு அவர் வெறும் தாஸு, ஒரே கடற்கரை ஊர், ஒரே வகுப்பு. உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் எழுத்து நடுங்கத் தொடங்கியிருக்கிறது, ஆனால் அந்த 'ர'வின் வால் அப்படியேதான் இருந்தது.

பிரிக்கவில்லை. பிரிக்காமல் வைத்திருப்பதில் ஒரு ருசி இருந்தது. என்னவாக இருக்கும், கெஞ்சலாகத்தான் இருக்கும், அன்பு நண்பா, என் சகோதரி மகனைக் கொஞ்சம் பார்த்துக்கொள், உன் கையில்தான் இருக்கிறது என்று. ஆமாம், என் கையில்தான் இருக்கிறது. எழுதட்டும், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதட்டும். பையன்கள் தலை குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். முதல் மூன்று கேள்வியும் சில்லறைச் சமாச்சாரம், நாலாவதுதான் இருபது மதிப்பெண்: இளமையைக் குறிக்கும் இலத்தீன் சொற்களின் பிறப்பையும் இலக்கணத்தையும் விளக்குக. அதை அவர் பிரிட்டோவுக்காகவே வைத்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறந்தவன் இன்ஃபான்ஸ், பேச்சு வராதவன் என்று அர்த்தம். பிறகு புவெர், சிறுவன், பதினைந்து வயது வரை. பதினைந்திலிருந்து முப்பது வரை அதொலெஷென்ஸ். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை யுவெனிஸ். பிறகு அறுபது வரை செனியோர், அறுபதுக்கு மேல் செனெக்ஸ், வெறும் கிழவன். பழைய ரோமாபுரி இலக்கணக்காரன் ஒருவன் பதினைந்து பதினைந்தாக மனுஷ ஆயுளை இப்படித் துண்டு போட்டு வைத்திருக்கிறான். வருகிற வியாழக்கிழமையோடு இஞ்ஞாசிமுத்துவுக்கு அறுபது. கிழவனாவதற்குள் காரியம் முடிந்துவிடும், ஐந்து நாள் மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வரைக்கும் இளைஞன்தான் என்று ரோமாபுரியில் சலுகை கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு யார் கொடுத்தது? பத்தொன்பதோடு முடிந்துபோயிற்று. அதொலெஷென்ஸ் என்றால் வளர்ந்துகொண்டிருப்பவன். அதுல்துஸ் என்றால் வளர்ந்து முடிந்தவன். இரண்டும் ஒரே வினைச்சொல், ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, இன்னொன்று நடந்து முடிந்துவிட்டது, அதன் அடியில் இருப்பது அலெரே, சோறு ஊட்டி வளர்ப்பது. அந்த வேரிலிருந்தே அலும்னுஸ், ஊட்டி வளர்க்கப்பட்டவன், ஒரு மடத்தின் பிள்ளை. பழைய மாணவர் கூட்டத்துக்கு வருஷா வருஷம் அழைப்பு அனுப்புகிறார்கள், அலும்னி என்று தலைப்புப் போட்டு. எவன் ஊட்டினான், எவனை வளர்த்தான். வளர்ந்துகொண்டிருந்தவனை ஒரு சாயங்காலத்தில் வளர்ந்து முடிந்தவனாக்கி வாசலுக்கு வெளியே விட்டார்களே, அதற்கு ஒரு வினைச்சொல் இலத்தீனில் இருக்கிறதா என்று அவர் தேடாத அகராதி இல்லை.

தன்னை வெளியேற்றிய கடிதத்தைத் தானே சுமந்து வந்தது, அதுதான் அவருக்கு ஆறவில்லை. மே மாத விடுமுறை முடிந்து திரும்பும்போது ஊர்க் கோவில் பங்குச்சாமி ஒவ்வொரு குருமட மாணவனைப் பற்றியும் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, அவனவன் கையிலேயே கொடுத்தனுப்புவார். பிரிக்கக் கூடாது. பிரிக்கிற எண்ணமே பாவம் என்று நம்பிய பிள்ளைகள். பத்தொன்பது வயது இஞ்ஞாசி அதைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்து, கசங்கிவிடக் கூடாதென்று புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தான். பக்கத்தில் தாஸு. தாஸு கையிலும் ஒரு கடிதம். உறைமேல் இருந்தது தாஸின் எழுத்து, அதை அப்போதே கவனித்தான், பங்குச்சாமிக்குக் கண்ணில் புரை, தாஸைக் கூப்பிட்டு முகவரி எழுதச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டான். அன்றைக்கு தாஸு ஜன்னலோர இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தான், ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதவன். வழியில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் ஒரே ஒரு கலர் வாங்கி வந்தான், ஆரஞ்சுக் கலர். "நீ குடி, எனக்கு வேண்டாம்டே" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. சிறுக்கிமவன், கலர் வாங்கிக் கொடுத்தான். கழுத்தை அறுப்பதற்கு முன்னால் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோல. அந்தச் சோடாவின் இனிப்பு இன்றைக்கும் சில சமயம் காரணமில்லாமல் தொண்டைக்கு வரும், வந்தால் எச்சில் துப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. வகுப்பில் இலத்தீனுக்கு அவன் முதல், தாஸு இரண்டு. அவன் போன பிறகு தாஸு முதல். முதலாக வந்தவனை ரோமுக்கு அனுப்பினார்கள். உறைக்குள் இருந்ததும் தாஸின் வேலைதான் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றைய அதிபர் சாமி உறையைக் கிழித்து நின்றபடியே வாசித்தார், ஒரே ஒரு வரியை மட்டும் சத்தமாகச் சொன்னார். "உனக்கு தேவ அழைத்தல் இல்லை தம்பி." மற்றவர்கள் கோவிலில் சாயங்கால ஜெபத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெத்தையைச் சுருட்டச் சொன்னார்கள். அதுதான் வழக்கம், போகிறவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, ஜெபம் முடிந்து வருகிறவர்கள் காலிக் கட்டிலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். தாஸின் குரல் தனியாகக் கேட்டது. கேட்டதா, கேட்டதுபோல இருந்ததா? கேட்டது. நாற்பது வருஷமாகக் கேட்கிறது.

"சார், பேப்பர்" என்று யாரோ கை தூக்கினான். எழுந்து போய்க் கொடுத்தார். போகிற வழியில் பிரிட்டோவின் தாளை எட்டிப் பார்த்தார். நாலாவது கேள்விக்கு வந்துவிட்டான். யுவெனிஸ் என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தான், வடமொழி யுவன், யுவதிக்குச் சொந்தக்காரச் சொல், ஆயுள் என்று நாம் சொல்கிறோமே அதற்கும் இதற்கும் வேர் ஒன்று, உயிர்ச்சத்து உள்ளவன் என்பதே முதல் பொருள் என்றெல்லாம் எழுதியிருந்தான். சரியாகத்தான் எழுதியிருக்கிறான், நாசமாகப் போக. சிலர் யுவாரே என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர், உதவத் தக்கவன் என்று பொருள் கூறுவர், இக்காலத்தார் அதை ஒப்புவதில்லை. அதுவும் சரி. தாஸின் ரத்தம், எங்கே போகும். இஞ்ஞாசிமுத்து நாற்காலிக்குத் திரும்பினார். பலகணிக்கு வெளியே உப்புக் காற்று, சமையலறையில் சாம்பாருக்குத் தாளிக்கிற வாசம். யுவெனிஸுக்கு ஒப்பீட்டு உருவம் உண்டு, யூனியோர், இன்னும் இளையவன் என்று சொல்லலாம். எல்லாரிலும் இளையவன் என்று சொல்ல அதற்கு உருவமே கிடையாது, வேறு வார்த்தைகளைக் கடன் வாங்க வேண்டும். கிழவனுக்கும் அப்படித்தான். ஆறாம் வேற்றுமைப் பன்மையின் விதிவிலக்குகளை மனப்பாடம் செய்ய ஒரு பாட்டு இருந்தது, அவனும் தாஸும் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே சொல்வார்கள்: யுவெனும், செனும், கானும், பாத்ரும், மாத்ரும். இளைஞர்களின், கிழவர்களின், நாய்களின், தகப்பன்மாரின், தாய்மாரின். ஏன் இந்த ஐந்தும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன என்று தாஸு கேட்பான். "எல்லாம் ஒரே வீட்டுல கெடக்குற சாதிடே" என்று இஞ்ஞாசி சொல்வான். சிரித்துச் சிரித்து நுரை மூக்கில் ஏறும். இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும்? சிரித்ததை நினைத்தால் கை தளரும். அம்மாவை நினைத்தால்தான் கை உறுதிப்படும், அவள் பட்ட பாடு. அப்பா மார்கழிப் புயலில் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. வீட்டில் இரண்டு தங்கச்சிகள். அந்த நிலைமையிலும் பிள்ளையைச் சாமிக்கென்று நேர்ந்து விட்டிருந்தவள். அவமானத்தோடு அவன் மறுநாள் பொழுது சாயப் போய் வாசலில் நின்றபோது ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? "எய்யா, கைகால் கழுவிட்டு வா, சாப்புடு" என்றாள். அவ்வளவுதான். அவனுக்குப் பாய் விரித்திருந்தது. விளமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அப்பா போனபிறகு அந்த வீட்டில் விளமீன் வாங்கினதே இல்லை. தாய் மனசுக்கு எப்படித்தான் தெரிந்ததோ என்று அவர் கேட்காத ஆள் இல்லை, மனைவியிடம், பிள்ளைகளிடம், உப்பளத்து ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களிடம். தாஸைத் திட்டினால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "அவன வையாத எய்யா, சாபம் நம்மளத்தான் பிடிக்கும்" என்பாள். தாஸு சாமிப்பட்டம் வாங்கின வருஷம் அவள் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள் என்று தெரிந்து ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அவ்வளவு நல்லவள், துரோகிக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறவள். அவள் கண்ணை மூடி பதினோரு வருஷம் ஆகிறது. உப்பளத்துக் கணக்குப்பிள்ளையாக இருந்துகொண்டே அவர் தனியாக இலத்தீன் படித்ததும், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று இதே மடம் வந்து கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டதும் எதற்காக? அன்பினாலா? வந்த முதல் ஆறு வருஷம் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பெயர்ப் பட்டியலில் தன் ஊர்ப் பெயரைத் தேடினார். மூன்று வருஷத்துக்கு முன் பிரிட்டோவின் பெயருக்குப் பக்கத்தில் கிடைத்தது.

பன்னிரண்டு மணிக்கு முதல் மூன்று பேர் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கெஞ்சலை வாசித்துவிட்டு, வாசித்த சூட்டோடு பழுப்பு உறையை அதிபர் அறையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை, அப்போதுதான் முழுசாக இனிக்கும் என்று தோன்றியது. வெள்ளை உறையைக் கிழித்தார். ஒரே ஒரு தாள்.

'அன்பு இஞ்ஞாசி, உன்னிடம் பேச எனக்கு அருகதை இல்லை, அதனால் எழுதுகிறேன். பிரிட்டோவின் அம்மா போன வாரம் வந்து அழுதாள். மச்சான் படுக்கையில் விழுந்துவிட்டார், பையனைத் திருப்பி அனுப்ப அதிபருக்குக் கடிதம் கொடு, நான் கேட்டது அவனுக்குத் தெரியக் கூடாது என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு கடிதம் என் வாழ்க்கையில் ஒரு தடவை எழுதியது போதும். உன்னுடையதை பங்குச்சாமி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அப்போது உன் அம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர்கள் அவர்கள்தான். பொம்பளப் பிள்ளைகள் ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் யாரை நம்பி நிப்பேன் சாமி, நேர்ந்துவிட்ட பிள்ளையை நானே திருப்பிக் கேட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பானா என்றார்கள். தேவ அழைத்தல் இல்லை என்று எழுதலாம் என்பது பங்குச்சாமியின் யோசனை. வேதப் புத்தகத்தின்மேல் என் கையை வைக்கச் சொல்லி, அவர்கள் சாகும்வரை சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அவர்கள் போன பிறகும் பதினோரு வருஷம் சும்மா இருந்தது என் கோழைத்தனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன மறுநாள் வகுப்பில் உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றதற்கு அல்ல. பிரிட்டோவுக்கு அங்கே இருக்கத்தான் ஆசை. நீ அவனைப் பற்றி எது உண்மையோ அதை எழுது. தாஸ்.'

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பொய் என்று முதலில் நினைத்தார், செத்தவள் தலையில் பழியைப் போடுகிறான், இவன் மான்சிஞ்ஞோர் இல்லை, கைதேர்ந்த புளுகன் என்று. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரித்திருந்த பாய் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் வருகிறான் என்று எந்தத் தந்தியும் போகவில்லை. அன்றைக்குக் கொதித்த குழம்பு நாலு பேருக்கான குழம்பு. தாய் மனசுக்குத் தெரிந்திருந்தது, தெரியாமல் எப்படி இருக்கும், அவளே குறித்த நாள். நாற்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மெய்சிலிர்த்தாயே மடையா என்று தன்னையே வைதார். அவளிடம் போய்க் கேட்க வேண்டும், முடியைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும், என்னிடம் சொன்னால் நானே வந்திருப்பேனே, வா என்று ஒரு வார்த்தை சொன்னால் மெத்தையை நானே சுருட்டியிருப்பேனே, எதற்காக எனக்கு அழைத்தல் இல்லை என்று எழுத வைத்தாய்? கூப்பிட்டால் வந்திருப்பேனா? அந்த இடத்தில் நினைப்பு முட்டி நின்றது. வந்திருக்க மாட்டான். அப்போது அவன் வந்திருக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். உதவத் தக்கவன் என்று பொருள் கூறுவர், இக்காலத்தார் ஒப்புவதில்லை. தங்கச்சிகள் இரண்டு பேரையும் கரையேற்றினான், அவளைக் கடைசி வரைக்கும் வைத்துக் காப்பாற்றினான், கட்டிலோடு கிடந்த ஒன்றரை வருஷமும் கஞ்சியைக் கரண்டியில் ஊட்டியது அவன்தான், அப்போதும் அவள் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டாளே தவிர அதைச் சொல்லவில்லை. கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, தாஸின்மேல் ஏறிப் பார்த்தது, வழுக்கியது. கண்ணில் புரை விழுந்த பங்குச்சாமிமேல் ஏறியது, அவரும் மண்ணுக்குள் போய்விட்டார். பிறகு அந்தக் குழம்பில் வந்து நின்றது. அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது. அத்தனை அவமானத்திலும் அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்தது. எல்லாரும் தாளைக் கொடுத்துவிட்டுப் போக, பிரிட்டோ மட்டும் கடைசியாக விடைத்தாளுக்கு நூலைக் கட்டிக்கொண்டு நின்றான். "நாலாவது கேள்விக்கு இன்னும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம் சார், நேரம் பத்தல" என்றான். இஞ்ஞாசிமுத்து பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக நாலு நல்ல வரி எழுதி ஒட்டிக் கொடுப்பது சுலபம், ஒருவருக்கும் தெரியாது, மானமும் போகாது. ஒட்டிக் கொடுப்பது என்று நினைத்ததுமே வேண்டாம் என்று தோன்றியது. இந்த ஒட்டுப் பசையின்மேல்தான் பழி தீர்க்க வேண்டும், வேறு எவன்மேலும் தீர்க்க இனி ஆள் இல்லை. உறையின் வாயைக் கிழித்துத் தாளை விரித்து அவனிடம் நீட்டினார்.

"படி."

"இத நாங்க படிக்கக் கூடாதுல்லா சார்."

"படின்னா படிடே."

படித்தான். காது மடல் சிவந்தது, ஆனாலும் கடைசி வரி வரை படித்தான். "நான் என்ன சார் பொய் சொன்னேன்?"

"நீ சொல்லல. நான்தான் எழுதுனேன், அவ்வளவும் பொய்." காலி உறையை மேசைமேல் வைத்தார். "உன் மாமாமேல உள்ள ஆத்திரத்துல எழுதுனது. வேற எழுதித் தாரேன், அதையும் உன் கண்ணுல காட்டிட்டுத்தான் குடுப்பேன். இன்னொண்ணு இருக்கு, நல்லாக் கேட்டுக்கோ. அப்பா படுக்கையில கெடக்காரு, நீ வீட்டுக்கு வரணும்னு உங்க அம்மைக்கு ஆச. உன்கிட்ட கேக்கப் பயம், அதான் மாமாட்ட போயி அழுதிருக்கா. நீ இன்னைக்கே ஊருக்குப் போ. அவ முன்னால உக்காந்து, அவ வாயாலயே கேட்டு வாங்கு. போறதோ இருக்கதோ, நீ முடிவு பண்ணு."

பிரிட்டோ தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தான். அவன் கண்ணில் இருந்தது கோபமா, பயமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. வெளியே சாப்பாட்டு மணி அடிக்க, மற்றப் பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு தட்டை எடுக்க ஓடினார்கள்.

"இதையெல்லாம் எதுக்கு சார் என்கிட்ட காட்டுறீங்க?"

"எனக்கு யாரும் காட்டலடே" என்றார் இஞ்ஞாசிமுத்து. "என் கடுதாசிய நானே கொண்டுவந்து குடுத்தேன்."